டெய்சிக்குப் போட்ட தூள்

மேமலைத் தோட்டம்,
கந்தப்பளை.
7 மார்ச் 1954

அன்பு மருமகள் நாகலெட்சுமிக்கு மாமன் வீரய்யா எழுதிக்கொள்வது. மாரியாத்தா காவலில் நானும் உன் அத்தையும் உசிரோடவும் பசியோடவும் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை அழகனும் அதே மாதிரி இருப்பீங்கன்னு நம்புறேன்.

நான் சொன்னேனா இல்லையா? ஒண்ணு விடாம எல்லாத்தையும் சொன்னேன். கினிகத்தேனையில இஸ்ஸதீன் முதலாளி கடையில மாப்பிள்ளைக்கு வேலை அமையும்னு சொன்னவன் நான். கடைக்குப் பின்னாலயே குடியிருக்க அறை குடுப்பாங்கன்னு சொன்னவனும் நான்தான். அரிசிக் கடைன்னா எலி இருக்கும், எலி இருந்தா பூனை இருக்கும், பூனையப் பாக்க ஒரு ஆள் வேணும், அந்த ஆள் நம்ம நாகுதான்னு உன் கல்யாணப் பந்தல்லயே சொன்னேன். மேளச் சத்தத்துல யாருக்கும் கேக்கல. உன் அத்தை ராக்காயி இப்ப, "அப்படி ஒண்ணும் நீ சொல்லல, மூணாவது பந்தியில உக்காந்து சாப்பிட்டுக்கிட்டுதான் இருந்த"ங்கிறா. அவளுக்கு ஞாபகமறதி.

பூனை விசயத்துல உனக்கு ஒரு கவலையும் வேணாம். பதினொரு வருசம் பெரிய பங்களாவுல துரையோட ஆறு நாய்க்கும் தொரசாணியோட பூனை டெய்சிக்கும் நான்தான் டாக்டர். மூக்கு காஞ்சிருந்தா காய்ச்சல், புல்லத் தின்னா வயிறு சரியில்ல, காதைச் சொறிஞ்சா உள்ள பூச்சி. ஒருக்கா துரைக்கே காய்ச்சல் வந்தப்ப மூக்கைத் தொட்டுப் பாத்து நான்தான் கண்டுபிடிச்சேன். இப்ப நான் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டப் போறது பங்களாவுல என்னைய வேணாம்னு சொன்னதால இல்ல. கத்தி புடிச்சு மலையேறுனா முழங்காலுக்கு நல்லதுன்னு நானாத்தான் கேட்டு வாங்கிக்கிட்டேன்.

எது வேணும்னாலும் எழுதிக் கேளு.

உன் நலம் கேக்கும் மாமன்,
வீரய்யா

*

இஸ்ஸதீன் முதலாளி கடை,
கினிகத்தேனை.
21 மார்ச் 1954

மாமாவுக்கும் அத்தைக்கும் நாகலெட்சுமி கும்பிட்டு எழுதுறது. நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். இங்க மழை கந்தப்பளை மாதிரி குளுரா இருக்காது, ஆனா விடாது. அத்தைக்கு இடுப்பு வலி எப்படி இருக்கு?

மாமா, நீங்க கேளுன்னு சொன்னதால கேக்குறேன். முதலாளிக்கு ஒரே மக, கமறியா. ஏழு வயசு. சின்னதுல காய்ச்சல் வந்து ஒரு காலு சூம்பிப் போச்சு. பள்ளிக்கூடம் போறதில்ல. நாள் பூரா அவளுக்குத் துணை சீனிங்கிற வெள்ளைப் பூனைதான். அந்தப் பூனை நாலு குட்டி போட்டிருக்கு. கமறியாவையும் பூனையையும் பாத்துக்கச் சொல்லி முதலாளி சம்சாரம் அசீசாம்மா என்கிட்ட விட்டிருக்காங்க. வந்து ரெண்டு மாசத்துல என்னை நம்பி வீட்டுக்குள்ள விட்டது பெருசு.

இப்ப பூனைக்குத் தெள்ளுப்பூச்சி வந்திருச்சு. குட்டிங்க ரத்தம் குறைஞ்சு துணி மாதிரி கெடக்குதுங்க. பாயில, தலகாணியில எல்லாம் தெள்ளு. அசீசாம்மா பேச்சுதான் வேற மாதிரி, இருக்கட்டும்ங்கிறதை ஈக்கட்டும்பாங்க, மத்தபடி நல்லவங்க. ஆனா நேத்து, "பூன ஈக்கட்டும் நாகு. தெள்ளு ஈக்கப்படா. போகாட்டி சாக்குல கட்டி ஆத்துக்கு அங்கால உட்டுட்டு வரச் சொல்லுவன்" அப்படின்னாங்க. கமறியா அதைக் கேட்டுட்டு ராத்திரி சோறு திங்கல. ஒரு வழி சொல்லுங்க.

மாமா அத்தை ஆசீர்வாதம் கோரும்,
நாகலெட்சுமி

*

மேமலை,
4 ஏப்ரல் 1954

மருமகளுக்கு. சுகம். உன் அத்தையோட இடுப்பு அவளை விட நல்லா இருக்கு.

தெள்ளுக்காக ஒரு குடும்பமே அழுவுதா? சிரிப்புதான் வந்துச்சு. முதல்ல வேப்பிலையக் காய்ச்சி, வெதுவெதுன்னு பூனையக் குளிப்பாட்டு. குட்டிகளுக்கு உப்பு போடாத மீன் அவிச்சுக் குடு. படுக்கைச் சாக்கை வெயில்ல போடு.

இதுக்கெல்லாம் மசியலைன்னா வீரய்யா வைத்தியம். லயத்து வீடுகள்ல மூட்டைப்பூச்சிக்கு அடிக்கிறாங்களே டி.டி.டி. தூள், அதுதான். நாப்பத்தெட்டாம் வருசம் டெய்சிக்குத் தெள்ளு வந்தப்ப, அளந்தா அரைக் கொத்து தெள்ளாவது இருக்கும், கடுகு கொட்டுன மாதிரி. நுவரெலியாவுல இருந்து வெள்ளைக்கார டாக்டர் வந்து பாத்துட்டுக் கையை விரிச்சிட்டார். நான் அந்தத் தூளை எடுத்துத் தேய்ச்சேன். மறுநாள் காலையில டெய்சி தொரசாணி மடியில விளக்குன பித்தளைக் குடம் மாதிரி உக்காந்திருக்கு! தொரசாணி, "வீரய்யா, நீ மனுசனே இல்ல"ன்னு இங்கிலீசுல சொல்லி ஒரு கம்பளிக் கோட்டைக் கழட்டிக் குடுத்தாங்க.

இதை எழுதும்போது உன் அத்தை பக்கத்துல நின்னு, "என்ன எழுதுற, வாசி"ன்னா. வாசிச்சேன். முறைச்சிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. பொம்பளைங்களுக்கு நம்ம பெருமை பொறுக்காது.

அன்புடன்,
வீரய்யா

*

கினிகத்தேனை,
25 ஏப்ரல் 1954

மாமாவுக்கு வணக்கம். உடம்பு சுகம். வருசப் பிறப்புக்கு வர முடியலைன்னு அத்தை வருத்தப்பட வேணாம்.

வேப்பிலைத் தண்ணியில சீனிய முக்கினேன். என் கையில ஒம்பது கீறல். தெள்ளு அப்படியே இருக்கு.

போன வியாழக்கிழமை கவுருமெந்து மாட்டு டாக்டர் சுருட்டு வாங்கக் கடைக்கு வந்தாரு. சிங்களவரு. பாதித் தமிழ் பேசுவாரு, பொம்பளைங்களை நோனாம்பாரு. நான் பயந்துகிட்டே போய்ச் சொன்னேன். அவரு சிரிக்கல. பேன்சீப்பால தினமும் ரெண்டு நேரம் வாரு, வாரி எடுத்ததைச் சவுக்காரத் தண்ணியில போடு, சாக்கைக் கொதிக்கிற தண்ணியில அவி, இருபது நாள் பொறுமை வேணும்னாரு. தூள் போடலாமான்னு கேட்டேன். "வேணாம் நோனா. மாடு நக்காது, நாய் கொஞ்சம் நக்கும். பூனை முழு உடம்பும் நக்குறது. தூள் எல்லாம் வயித்துக்குள்ள போறது. விளங்குதா?" அப்படின்னாரு.

எனக்குக் குழப்பமா இருக்கு மாமா. அவரு படிச்சவரு. ஆனா நீங்க கையால செஞ்சு கண்ணால பாத்தவர். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், கோபப்படாதீங்க. டெய்சிக்கு அதுக்கப்புறம் ஒண்ணும் ஆகலைதானே?

பதிலுக்குக் காத்திருக்கும்,
நாகலெட்சுமி

*

மேமலை,
2 மே 1954

மருமகளுக்கு. நான் சுகமா இருந்தேன், உன் கடுதாசி வரும்வரைக்கும்.

மாட்டு டாக்டரைப் போய்ப் பூனைக்குக் கேக்குறியே, நாளைக்கு உனக்குத் தலைவலின்னா கொல்லன்கிட்ட போவியா? அவரு படிச்சது புஸ்தகம். நான் படிச்சது பூனை. டெய்சிக்கு என்ன ஆகும்? அதுக்கப்புறம் ஆறு வருசம் இருந்துச்சு! மூணு தரம் குட்டி போட்டுச்சு. அதுல ஒரு குட்டி கப்பலேறி சீமைக்குப் போயிருச்சு.

மரக்கறி லொறி ஓட்டுற இராமையாகிட்ட கொக்கோ டப்பாவுல தூள் குடுத்து விடுறேன். கொழும்புக்குப் போற வழியில உங்க கடை வாசல்ல நிறுத்திக் குடுப்பான். அளவு கிளவு பாக்காத. கை கூசாம முதுகுல, கழுத்துல, வாலடியில தேய்.

டப்பா ரெண்டு நாள் காணாமப் போயிருச்சு. உன் அத்தை விறகுக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தா. "ஏண்டி"ன்னேன். "டெய்சி கதைய முழுசாச் சொல்லிட்டு அனுப்பு"ங்கிறா. முழுசாத்தானே எழுதியிருக்கேன், குட்டி சீமைக்குப் போனது வரைக்கும்.

கோபமில்லாத மாமன்,
வீரய்யா

*

கினிகத்தேனை,
27 மே 1954

மாமாவுக்கு. எல்லாரும் சுகம். டப்பா வந்து சேந்துச்சு.

உங்க கிட்ட மறைக்காம எழுதுறேன், டாக்டர் சொன்ன மாதிரிதான் இத்தனை நாளும் சீப்பால வாரிக்கிட்டு இருந்தேன். கமறியா கிண்ணத்தைப் புடிச்சுக்கிட்டு எண்ணுவா. முத நாள் நாப்பத்தி மூணு. நேத்து பதினொண்ணு. குறையுது, ஆனா போகல. நான் நடுவுல ஒரு வாரம் சளி புடிச்சுப் படுத்துட்டேன், அதுல மறுபடி கூடிருச்சு.

அடுத்த வாரம் நோன்புப் பெருநாள். கொழும்புல இருந்து முதலாளியோட சொந்தக்காரங்க வர்றாங்க. அதுக்குள்ள வீட்டுல ஒரு தெள்ளு இருக்கக் கூடாதுன்னு அசீசாம்மா முடிவாச் சொல்லிட்டாங்க. சாக்கும் எடுத்து வச்சாச்சு. கமறியா என் சீலையப் புடிச்சுக்கிட்டு, "நாகக்கா, உங்க மாமா பெரிய டாக்டர்ன்டு சொன்னீங்களே"ங்கிறா.

டெய்சி ஆறு வருசம் இருந்துச்சுன்னு எழுதியிருந்ததால தைரியம் வந்திருச்சு. ஞாயித்துக்கிழமை போடுறேன்.

நாகலெட்சுமி

*

மேமலை,
13 ஜூன் 1954

மருமகளுக்கும் மாப்பிள்ளைக்கும். நாங்க சுகம். பெருநாள் சாப்பாடு எப்படி? புரியாணி இங்க வரைக்கும் மணந்துச்சு.

என்ன, சத்தமே காணோம்? கினிகத்தேனை பூராவும் பூனையத் தூக்கிக்கிட்டு உன் வாசல்ல வரிசையில நிக்குதா? இங்க காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்துல நான் சொல்லிட்டேன், என் கைவைத்தியம் கந்தப்பளையில இருந்து கினிகத்தேனை வரைக்கும் போயிருச்சுன்னு. மேல்பார்வை பாக்குற கண்டாக்கையாகூட, "ஓய் டாக்டர், கவ்வாத்துக் கத்தியையும் கொஞ்சம் தூக்கும்"னாரு. எல்லாம் மரியாதைதான்.

ரெண்டு வரி போடு.

வீரய்யா

*

மேமலை,
11 ஜூலை 1954

அன்பு மருமகளுக்கு. ரெண்டு பேருக்கும் உடம்புக்கு ஒண்ணுமில்லையே?

ரோட்டுல மண் சரிஞ்சு தபால் தடைப்பட்டிருக்கும்னு நெனைக்கிறேன். தபால்காரனைக் கேட்டேன், ரோடு நல்லாத்தான் இருக்காம். அவனுக்கு என்ன தெரியும்.

இராமையா லொறியில வரும்போது உன்னைப் பாத்தானாம். வாசல்ல உக்காந்து அரிசி பொறுக்கிக்கிட்டு இருந்தியாம். கூப்பிட்டதுக்குத் தலையை மட்டும் ஆட்டுனியாம். பூனை இருந்துச்சாடான்னு கேட்டேன். கவனிக்கலைன்னான்.

உன் அத்தை என்கூட பேசுறதில்ல. சோத்தை வச்சிட்டு வெளியே போயிருவா. மழையும் ஓயல. வேற ஒண்ணும் விசேசமில்ல.

மாமன் வீரய்யா

*

கினிகத்தேனை,
25 ஜூலை 1954

மாமாவுக்கும் அத்தைக்கும் நமஸ்காரம். சுகமா இருங்க. எழுதாததுக்கு மன்னிக்கணும்.

ஞாயித்துக்கிழமை காலையில போட்டேன். மத்தியானம் சீனி உக்காந்து குட்டிகளையும் தன்னையும் நக்கிச்சு. நாங்க சந்தோசமாப் பாத்துக்கிட்டு இருந்தோம். தெள்ளெல்லாம் பாயில உதிந்து கெடந்துச்சு. சாயந்திரம் சீனிக்கு வாயில நுரை வந்து, தோலு துடிக்க ஆரம்பிச்சுச்சு. எழும்பும், விழும். உங்க மாப்பிள்ளை டாக்டரைத் தேடி ஓடினாரு, டாக்டர் அட்டன் பக்கம் போயிட்டாராம். நான் தண்ணியால கழுவினேன். கழுவக் கழுவ உதறுது. மறுநாள் வெள்ளாப்புல அடங்கிருச்சு. மத்தியானத்துக்குள்ள மூணு குட்டி. கமறியா தன் பாவாடைக்குள்ள ஒளிச்சு வச்சிருந்த ஒரு குட்டிக்கு நான் தூள் போடல. அது இருக்கு.

யாரும் என்னை ஏசல. முதலாளி, "நீ நல்லதுக்குத்தானே செஞ்ச"ன்னாரு. அசீசாம்மா தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க, சாக்கை எடுத்து வச்சது அவங்கதானேன்னு. கமறியா மட்டும் என் கையால சோறு வாங்குறதில்ல. கையை நீட்டினா அந்த ஒரு குட்டியத் தூக்கிக்கிட்டு நொண்டி நொண்டி உள்ள போயிருறா.

உங்க மேல குத்தமில்ல மாமா. டெய்சிக்குப் போட்டப்ப நீங்க பக்குவம் தெரிஞ்சு போட்டிருப்பீங்க. நான் ரெண்டு சிட்டிகை போட்டதாத்தான் எனக்கு நெனைப்பு. என் கை தவறிக் கூடிருக்கும்.

இன்னொண்ணு. எனக்கு நாலு மாசம். சந்தோசமா எழுத வேண்டியதை இப்படி எழுதுறேன். உங்க மாப்பிள்ளையோட அக்கா வேலாயிக்குப் புள்ள இல்ல. பொறந்ததும் அவங்ககிட்ட வளக்கக் குடுத்திரலாம்னு பாக்குறேன். எதைத் தொட்டாலும் கூடவோ குறையவோ பண்ணிருவேன்னு பயமா இருக்கு.

நாகலெட்சுமி

*

மேமலை,
8 ஆகஸ்ட் 1954

அன்பு மருமகளுக்கு. நாலு மாசம்னு கேட்டு உன் அத்தை அழுதா, சிரிச்சா, மறுபடி அழுதா. உடம்பைப் பாத்துக்க. பாரம் தூக்காத.

பூனை விசயத்தை மனசுல வச்சுக்காத. யோசிச்சுப் பாத்தேன். அந்தத் தூள் பழசு, மழையில நமுத்துப் போயிருக்கும். இல்லாட்டி ஸ்டோர்ல எலி மருந்து ஏதும் கலந்துட்டானுங்களோ என்னமோ. வெள்ளைப் பூனைக்கு இயற்கையாவே உடம்பு இளக்கம்னு சீமையில எழுதி வச்சிருக்கானாம். பெருநாளைக்கு வர்ற கூட்டத்துல யார் கண்ணு எப்படியோ. எதா இருந்தாலும் உன் கையில தப்பில்ல.

புள்ளையக் குடுக்குற பேச்சு வேணாம்.

உன் அத்தை வாசப்படியில நின்னுக்கிட்டு, "எழுதிட்டியா"ன்னு மூணு தரம் கேட்டுட்டா. எழுதிட்டேன்னு சொல்லிட்டேன்.

மாமன்

*

கினிகத்தேனை,
29 ஆகஸ்ட் 1954

மாமாவுக்கு. சுகம். அத்தை அனுப்பின நெத்திலிக் கருவாடு வந்துச்சு. வாய்க்கு ருசியா இருந்துச்சு.

தூள் நமுக்கல மாமா. மாவு மாதிரி இருந்துச்சு. மிச்சத்தை அந்த டாக்டர்கிட்ட காட்டினேன், கலப்படமும் இல்லைன்னாரு. கண்ணு பட்டதுன்னு சொல்லி என்னை ஏமாத்திக்க முடியல.

வேலாயி அக்கா வந்து பாத்துட்டுப் போனாங்க. சரின்னுட்டாங்க. உங்க மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கிட்டு அரிசி அளந்தாரு.

ஒரே ஒரு விசயம் மட்டும் சொல்லுங்க. டெய்சிக்கு நீங்க எத்தனை கரண்டி போட்டீங்க? அது தெரிஞ்சா நான் எவ்வளவு கூடப் போட்டேன்னு எனக்கு விளங்கும். அதைத் தெரிஞ்சுக்காம எனக்குத் தூக்கம் வரல.

நாகலெட்சுமி

*

மேமலை,
5 செப்டம்பர் 1954

நாகு,

உன் கடுதாசியை உன் அத்தைக்கு வாசிச்சுக் காட்டினேன். முழுசா. கடதாசியும் பென்சிலும் எடுத்து வந்து முன்னால வச்சிட்டு உக்காந்துட்டா. நான் எழுதி முடிச்சதும் வாசிக்கணுமாம். ரெண்டு தாளைக் கிழிச்சாச்சு. ஒண்ணுல வெள்ளைக்கார டாக்டர் மறுபடி வந்துட்டார். இன்னொண்ணுல டெய்சி உடம்புல தூள் பட்டதும் வானத்துல வெளிச்சம் வந்திருச்சு. வாசிக்கும்போது எனக்கே வெக்கமாப் போச்சு.

நீ கேட்டது எத்தனை கரண்டின்னு. தேத்தண்ணிக்குச் சீனி போடுற கரண்டியால ஒண்ணு, குமிச்சு. நீ போட்டது ரெண்டு சிட்டிகை. நீ கூடப் போடல புள்ள. என்னை விடக் குறைச்சுத்தான் போட்டிருக்க. உன் கை ஒண்ணும் தவறல. சீப்பால வாரி வாரி நாப்பத்தி மூணைப் பதினொண்ணாக் குறைச்ச கை அது. நான் சும்மா இருந்திருந்தா அதே கை அதை ஒண்ணுமில்லாமப் பண்ணியிருக்கும். நான்தான் நடுவுல புகுந்தேன்.

புள்ளையை யாருக்கும் குடுக்காத. வேலாயிகிட்ட இந்தக் கடுதாசியைக் காட்டு. கமறியாவுக்கும் வாசிச்சுக் காட்டு. அந்தப் புள்ள என்னைத் திட்டட்டும், உன் கையால சாப்பிடட்டும். தோட்டத்துல எல்லாருக்கும் தெரியும், உனக்கு மட்டும்தான் தெரியாது. நீ அப்ப சின்னப் புள்ள, உன்கிட்ட மட்டும் நான் டாக்டராவே இருக்க ஆசைப்பட்டேன்.

டெய்சிக்கு ஞாயித்துக்கிழமை போட்டேன். அன்னிக்கு ராத்திரியே துடிக்க ஆரம்பிச்சுச்சு. தொரசாணி தரையில உக்காந்து அதைத் துவாயில சுத்திப் புடிச்சிருந்தாங்க. திங்கக்கிழமை துரை பங்களாப் படியில நின்னு, என் முகத்தைப் பாக்காமலே, நாளையில இருந்து கவ்வாத்துக்குப் போன்னுட்டார். முழங்காலுக்காக நான் கேட்டுப் போகல.

மத்ததுல எல்லாம் கூடக்குறைய இருக்கும், அது கெடக்கட்டும். ஆறு வருசம் இருந்துச்சுன்னு எழுதினேனே, அது நானாக் கட்டினது. டெய்சி பொழைக்கவே இல்ல.

வீரய்யா